பக்கத்து வீட்டுக் குளிசை



வேலணையில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "பிள்ளை, நெஞ்சிடிக்கெண்டு தந்த குளிசை வயித்துக்கைதானே போகுது. அதுக்கு நெஞ்சு எங்கை இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. நல்ல கேள்வி அது. அதற்கான விடை தெரிந்திருந்தால் எங்கள் தீவுகளில் சில உயிர்கள் ஆபத்துக்குள் போகாமல் தப்பும். ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

நான் சமூகவியல் படித்தவள். மருத்துவம் படித்தவளல்ல. வைத்தியர்களிடமும் மருந்தாளர்களிடமும் கேட்டும், வாசித்தும் விளங்கிக்கொண்டவற்றை எங்களுக்குப் பழக்கமான சொற்களில் சொல்கிறேன்.

குளிசைக்கு நெஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதுதான் விடை. அது குடலில் கரைந்து, குருதியில் கலந்து, உச்சந்தலையிலிருந்து கால் பெருவிரல் வரை குருதி போகும் இடமெல்லாம் போகிறது. ஆனால் போகும் இடமெல்லாம் வேலை செய்வதில்லை. அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் நிற்கும் இடத்தில் மட்டுமே வேலை செய்கிறது. அந்த ஆளுக்குத்தான் விஞ்ஞானப் பாடத்தில் 'வாங்கி' என்று பெயர். கோயில் திருவிழாவில் சொற்பொழிவாளர் முன்னால் வைக்கும் ஒலிவாங்கியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளியே கேட்கும் ஒலியை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. உடம்பில் உள்ள வாங்கியும் அப்படித்தான்.

(இடையில் ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் வைத்தியத்தைத் தமிழில் சொல்வது புதிய காரியமல்ல. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அவர் திரும்பிப் போன 1873ஐக் கடந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்று எங்கள் கிளினிக் கொப்பிகளில் எங்களுக்கு வாசிக்கத் தெரிந்தது எங்கள் பெயர் மட்டுந்தான்.)

எங்கள் உடம்பு எண்ணமுடியாத அளவு கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் ஒரு மெல்லிய மென்சவ்வு மூடியிருக்கிறது. புரதத்தால் ஆன வாங்கிகள் அந்த மென்சவ்வில் வேலியில் நட்ட கதியால்போலப் பதிந்திருக்கின்றன. ஒரு பக்கம் வெளியே, மறுபக்கம் உள்ளே. வெளிப்பக்கத்தில் தனக்குரிய பொருள் வந்து பொருந்தினால் வாங்கி சற்று நெளிந்து வடிவம் மாறுகிறது. அந்த நெளிவு, உட்பக்கத்தில் இருக்கும் வேறு புரதங்களைத் தட்டி எழுப்புகிறது. அவை இன்னும் பலவற்றை எழுப்புகின்றன. வந்த பொருள் கலத்துக்குள் நுழையவே தேவையில்லை. படலையில் நின்று ஒருவர் கூப்பிட அடுப்படியில் இருப்பவர் எழும்பி வேலையைத் தொடங்குவதுபோல.

ஆனால் எந்தக் குரலுக்கும் வாங்கி எழும்பாது. தனக்குரிய வடிவம் வந்தால்தான் எழும்பும். இதைப் பூட்டும் திறப்பும் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். திறப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய், வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்து, திரும்பி வந்து பார்த்தபோது கதவையும் நிலையையும் காணாத அம்மாமார் ஊர்காவற்றுறையிலும் இருக்கிறார்கள், மண்டைதீவிலும் இருக்கிறார்கள். வாங்கி இல்லாத இடத்துக்குப் போன மருந்தும் அந்தத் திறப்புப் போலத்தான். அங்கே அதற்கு வேலை இல்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டால், எதிர்பாராமல் வெடி வெடித்தால், இருட்டில் படலையில் தெரியாத ஒருவர் நின்றால் இன்றைக்கும் எங்களில் பலருக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கிவிடுகிறது. யுத்தம் 2009இல் முடிந்தது. நெஞ்சுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் உள்ளே நடப்பது இதுதான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்ததுபோல இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. பயம் வந்ததும் அவை அதிரினலின் என்ற ஓமோனைக் குருதிக்குள் விடுகின்றன. அது இதயத்துக்குப் போய் அங்குள்ள வாங்கிகளில் பொருந்தியதும் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. அதே அதிரினலின் நுரையீரலுக்கும் போகிறது. அங்கே சுவாசக் குழாய்களைச் சுற்றி வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. அந்தத் தசையின் வாங்கிகளில் பொருந்தியதும் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. ஒரே பொருள்தான், ஓரிடத்தில் முடுக்குகிறது, இன்னோர் இடத்தில் தளர்த்துகிறது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடியவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. குருதியும் வேகமாக ஓடவேண்டும், மூச்சும் தாராளமாக வரவேண்டும். நெஞ்சு இடிப்பது கோழைத்தனமல்ல, விசரும் அல்ல. வாங்கி தன் கடமையைச் செய்கிறது.

வாங்கி என்று ஒன்று இருக்கவேண்டும் என்பதைக் கண்ணால் காண்பதற்கு நெடுங்காலம் முன்பே ஊகித்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோன் லாங்லி. அவர் கோழியின் தசையை வைத்துச் சோதித்தார். புகையிலையில் உள்ள நிக்கொற்றின் பட்டதும் தசை சுருங்கியது. தசைக்குப் போகும் நரம்பு அழிந்த பிறகும் சுருங்கியது. ஆகவே நரம்பல்ல, தசையிலேயே ஏதோ ஒன்று அந்தப் பொருளை வாங்குகிறது என்று 1905இல் எழுதினார். பிறகு 1948இல் அமெரிக்காவில் றேமண்ட் அல்குவிஸ்ற் என்பவர் அதிரினலினுக்கு ஒருவகை வாங்கி அல்ல, இரண்டு வகை உண்டு என்றார். அவருடைய கட்டுரையை முதலில் அனுப்பிய சஞ்சிகை திருப்பி அனுப்பிவிட்டது. வேறொன்றில் வெளிவந்த பிறகும் பல வருடங்கள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவர் பீற்றா என்று பெயரிட்ட வகையே இரண்டாகப் பிரியும் என்பது 1967இல் தெரியவந்தது. இதயத்தில் பெரும்பாலும் பீற்றா-1. சுவாசக் குழாயில் பீற்றா-2. இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அல்குவிஸ்ற்றின் கட்டுரையைக் கவனித்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளக். வருத்தக்கார இதயத்தை ஓயவிட வேண்டுமானால் அதிரினலின் அதன் வாங்கியில் பொருந்தாதபடி தடுக்கவேண்டும் என்று நினைத்தார். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாது, தான் இருக்கும்வரை சரியான திறப்பையும் நுழையவிடாது. அப்படி ஒரு மருந்தைத் தேடினார். 1964இல் வந்த அந்த மருந்துதான் புரொப்பிரனோலோல். 1988இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் நெஞ்சிடிப்புக்கும், கை நடுக்கத்துக்கும், ஒற்றைத் தலையிடிக்கும், தைரொயிட் வருத்தத்துக்கும் இந்தக் குளிசையைப் பாவிக்கிறார்கள். நல்ல மருந்து. பயம் அப்படியே இருக்கும், ஆனால் நெஞ்சு இடிக்காது. படலையில் கூப்பிடுகிறவர் கூப்பிட்டபடி நிற்பார், உள்ளே கேட்காது.

இனி மறுபக்கம். தொய்வு உள்ளவர்கள் இழுக்கும் நீல நிறப் பம்முக்குள் இருப்பது சல்பியூட்டமோல். அதுவும் அதிரினலினைப் பார்த்துச் செய்யப்பட்ட ஒரு திறப்புத்தான், ஆனால் பீற்றா-2 பூட்டுக்கே கூடுதலாகப் பொருந்தும்படி அரத்தால் ராவிய திறப்பு. டேவிட் ஜக் என்பவரின் தலைமையில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு 1969இல் விற்பனைக்கு வந்தது. இழுத்துச் சில நிமிடங்களில் தசை தளர்ந்து மூச்சு வருகிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சல்பியூட்டமோல் திறக்கும் அதே பூட்டைப் புரொப்பிரனோலோல் அடைக்கிறது. புரொப்பிரனோலோலுக்குப் பீற்றா-1, பீற்றா-2 என்ற பாகுபாடு கிடையாது. இதயத்துக்கென்று விழுங்கினாலும் நுரையீரலின் வாங்கிகளிலும் போய் இருந்துவிடும். தொய்வு இல்லாதவருக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. தொய்வு உள்ளவருக்குச் சுவாசக் குழாய் இறுகிவிடும். வழமையாகக் கைகொடுக்கும் நீலப் பம்மும் அந்த நேரத்தில் சரிவரக் கைகொடுக்காது, ஏனென்றால் பூட்டுக்குள் ஏற்கெனவே வேறொன்று இருக்கிறது. இந்த ஆபத்து இன்று நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. மருந்து வந்த அதே 1964இலேயே இங்கிலாந்தின் வைத்திய சஞ்சிகையில் எழுதப்பட்டுவிட்டது. அறுபது வருடத்துக்கு மேலாகியும் எங்கள் அடுப்படிக்கு அது வந்து சேரவில்லை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தீவும் பெயரும் வேண்டாம். கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு வாழும் ஓர் அக்கா. ஊமலும் கங்குமட்டையும் எரித்து அப்பம் சுட்டு விற்பவர். சிறு வயதிலிருந்தே தொய்வு. வாடைக்காற்றுத் தொடங்கினால் முட்டு வந்துவிடும். கிளினிக்குக்குப் போகும் நாளில் வியாபாரம் இல்லை என்பதால், பம் முடிந்ததும் பாமசியில் சல்பியூட்டமோல் குளிசையை வாங்கிப் போட்டுச் சமாளித்து வந்தார். குளிசை போட்டால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அவர் அதை வேறொரு வருத்தம் என்று நினைத்தார். பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை நல்ல மனத்தோடு, "எனக்கும் உப்பிடித்தான் அக்கா இருந்தது. இதொண்டைப் போட்டுப் பாருங்கோ, உடனை நிக்கும்" என்று தன்னுடைய கிளினிக் குளிசையைக் கொடுத்தார். அது புரொப்பிரனோலோல்.

பின்னேரம் படபடப்பு நின்றது. சிறிது நேரத்தில் மூச்சும் நிற்கப் பார்த்தது. கடல் கொந்தளிப்பான மாதம். படகு ஒழுங்காகி வைத்தியசாலைக்கு வந்து சேர்வதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. வைத்தியர் என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டபோது அவரால் பேச முடியவில்லை. கூட வந்த தங்கச்சிதான் அழுதுகொண்டே சொன்னார். அந்த ஒரு வசனம் அன்றைக்கு உதவியது. ஏனென்றால் பீற்றா-2 வாசல் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்ததும், சுவாசக் குழாயை முற்றிலும் வேறொரு வாங்கி வழியாகத் தளர்த்தும் இப்பிராத்திரோப்பியம் என்ற மருந்தையும் அவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். அக்கா இன்றும் அப்பம் சுடுகிறார்.

அந்தத் தங்கச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990களில் வடக்குக்கு மருந்து கட்டுப்பாட்டோடுதான் வந்தது. ஓர் அட்டைக் குளிசையை நாலு வீடு பகிர்ந்துகொண்ட காலம் அது. அகதி முகாம்களில் ஒருவரின் மருந்து மற்றவரைக் காப்பாற்றியதும் உண்மை. பகிர்ந்து உண்பது போலப் பகிர்ந்து விழுங்குவதும் எங்கள் பழக்கமாகிவிட்டது. சீனியையும் தேயிலையையும் தாராளமாக மாறுங்கள். குளிசையை மாறவேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே குணங்குறி இருக்கலாம், அதற்காக இரண்டு பேரின் உடம்பும் ஒன்றல்ல.

அந்த அக்காவுக்குப் படபடப்பு ஏன் வந்தது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். சல்பியூட்டமோல் பம்மில் ஓர் இழுப்பு 100 மைக்கிரோகிராம். அது நேரே நுரையீரலுக்குப் போகிறது. பெரியவர்களின் சல்பியூட்டமோல் குளிசை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது நாற்பது இழுப்பில் உள்ள மருந்து. அது வயிறு வழியாக உடம்பு முழுவதும் சுற்றுகிறது. கைத்தசையிலும் பீற்றா-2 வாங்கி இருப்பதால் கை நடுங்குகிறது. இதயத்திலும் அந்த வகை கொஞ்சம் இருப்பதால் நெஞ்சு அடிக்கிறது. "பம் இழுத்தால் பழகிப்போகும், குளிசைதான் நல்லது" என்று எங்கள் ஊரில் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் எது கூட என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விசயம், இதைத்தான் பலரும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். மருந்து வந்து தட்டத் தட்டக் கலம் சும்மா இருந்துகொண்டிருக்காது, அதுவும் தன் பங்குக்கு ஏதாவது செய்யும். நீலப் பம்மை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை, நாட்கணக்காக இழுத்தால், ஓயாமல் கூப்பிடுகிறார்களே என்று கலம் தன் வாங்கிகளில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாங்கி குறைந்தால் அதே இழுப்புக்குக் கிடைக்கும் பலனும் குறையும். இன்னும் இழுப்போம். இன்னும் குறையும். 1960களில் இங்கிலாந்தில் ஐசோபிரினலின் என்ற பழைய மருந்து கூடுதலான அளவில் பம்மாக வந்தபோது தொய்வினால் இறந்தவர்களின் தொகை திடீரென்று ஏறியது, பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் கூட. மருந்தின் வேகமா, பம் இருக்கிறதுதானே என்று வைத்தியசாலைக்குப் போகப் பிந்தியதா காரணம் என்று பிறகு நெடுங்காலம் விவாதித்தார்கள். எங்களுக்கு இரண்டுமே எச்சரிக்கைதான். கடல் கடந்து வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர்களுக்கு இரண்டாவது இன்னும் பெரிய எச்சரிக்கை.

ஆகவேதான் மண்ணிறப் பம்மையும் தருகிறார்கள். (நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறலாம். பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெக்லோமெதசோன்.) "அக்கா, அதை இழுத்தா ஒண்டும் செய்யேல்லை" என்று ஒதுக்கி வைத்த பம்களை எத்தனை வீட்டுத் தட்டுகளில் பார்த்திருக்கிறேன்! செய்யாமல் இல்லை. அதன் வாங்கி கலத்தின் வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறது. மருந்து உள்ளே போய், வாங்கியோடு சேர்ந்து, கலத்தின் கருவுக்குள் நுழைந்து, என்ன புரதம் செய்யவேண்டும், எதை நிறுத்தவேண்டும் என்று அங்கே கட்டளையை மாற்றுகிறது. இதற்கு மணித்தியாலங்களும் நாட்களும் எடுக்கும். வீக்கம் வற்றும். அதோடு நீலப் பம்முக்குத் தேவையான பீற்றா-2 வாங்கிகளைக் கூடுதலாகச் செய்யவும் கலத்தைத் தூண்டும். மண்ணிறம் நீலத்துக்குப் பூட்டுச் செய்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். நீலப் பம்மை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சை வேண்டாம் என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டல்களும் சொல்கின்றன. மண்ணிறத்தை ஒவ்வொரு நாளும் இழுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்.

அடைக்கும் மருந்துக்குக் கலம் சொல்லும் பதில் நேர்மாறானது. புரொப்பிரனோலோலை மாதக்கணக்கில் பாவித்தால், ஒரு குரலும் கேட்கவில்லையே என்று கலம் புதிது புதிதாக வாங்கிகளை நட்டுக்கொள்ளும். அந்த நேரத்தில் குளிசையைச் சட்டென்று விட்டுவிட்டால், வழமையான அதிரினலினுக்கே இதயம் துள்ளத் தொடங்கும். நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரைகூடப் போகலாம். ஆகவே இதை வாசித்துவிட்டுப் பயந்து இன்றைக்கே உங்கள் குளிசையை எறிந்துவிடாதீர்கள். தொய்வு உள்ள ஒருவர் ஏற்கெனவே இந்தக் குளிசையைப் பாவிக்கிறார் என்றால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போய் வைத்தியரிடம் சொல்லவேண்டும். நிறுத்துவதா, மெல்ல மெல்லக் குறைப்பதா, வேறொன்று தருவதா என்பது அவருடைய முடிவு.

எந்தக் குளிசை என்று எப்படி அறிவது? இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அதற்கு நாங்கள் பேராசிரியர் சேனக பிபிலேக்கு நன்றி சொல்லவேண்டும். இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர் அவர். ஒரே மருந்தைப் பத்துக் கம்பனிகள் பத்துப் பெயரில் விற்று ஏழைகளிடம் பணம் பறிப்பதைத் தடுக்க, மருந்தை அதன் சொந்தப் பெயரில் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று போராடினார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதலாவது தலைவரும் அவரே. 1977இல் கயானா நாட்டில் காலமானார். அவர் வற்புறுத்திய அந்தச் சொந்தப் பெயரில்தான் மருந்தின் குடும்பம் தெரியும். பீற்றா வாங்கியை அடைக்கும் மருந்துகளின் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே 'ஓலோல்' என்று முடியும்: புரொப்பிரனோலோல், அற்றெனோலோல், மெற்றோப்பிரோலோல், பைசோப்பிரோலோல். குளிசை உறையில் ஆங்கிலத்தில் இருந்தாலும் கடைசி நாலு எழுத்து ஓ, எல், ஓ, எல் என்று இருக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்லும். பரசிற்றமோலும் சல்பியூட்டமோலும் வெறும் 'ஓல்' தான், குழம்ப வேண்டாம். இவற்றுள் சில இதயத்து வாங்கியையே கூடுதலாக நாடுவன. தேவை ஏற்பட்டால் தொய்வுக்காரருக்கும் வைத்தியர் யோசித்து எழுதுவதுண்டு. அவர் அறிந்து எழுதுவது வேறு, நாங்கள் அறியாமல் விழுங்குவது வேறு.

குளிசை மட்டுமல்ல. கண்ணுக்குள் அழுத்தம் கூடியவர்களுக்கு விடும் துளிமருந்து ஒன்றின் பெயர் திமோலோல். இதுவும் ஓலோல் குடும்பந்தான். ஒரு துளி என்ன செய்யும் என்று நினைப்போம். கண்ணில் விட்டது கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி அங்கிருந்து குருதியில் சேருகிறது. தொய்வு உள்ள முதியவர்கள் இந்தத் துளியால் மூச்சுத் திணறி இறந்த சம்பவங்கள் வைத்திய உலகில் பதிவாகியுள்ளன. கண் வைத்தியரிடம் மூச்சு வருத்தத்தைப் பற்றிச் சொல்ல யாருக்குத் தோன்றும்? சொல்லவேண்டும். வீட்டில் உள்ள அம்மாவுக்கும் மாமிக்கும் கண் கிளினிக் இருந்தால் கூடப் போகிறவர் சொல்லட்டும்.

2011இல் அமெரிக்காவில் பிறையன் கொபில்காவின் குழுவினர் ஒரு வாங்கி திறப்போடு பொருந்தி, உள்ளே தன் புரதத்தைத் தட்டி எழுப்பும் அந்தக் கணத்தையே கதிர்ப்படமாக எடுத்துக் காட்டினார்கள். அவருக்கும் அவருடைய ஆசிரியர் றொபேட் லெவ்கோவிற்சுக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. படத்தில் இருந்த வாங்கி எது தெரியுமா? பீற்றா-2. அப்பம் சுடும் அக்காவின் நெஞ்சுக்குள் அன்றைக்கு அடைபட்டிருந்த அதே வாங்கி.

இனி வேலையைப் பார்ப்போம். தொய்வு உள்ள சகோதரிகள் ஒவ்வொருவரும் கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் "எனக்குத் தொய்வு உண்டு" என்று பெரிதாக எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. தீவுகளுக்குச் சேவைக்கு வரும் வைத்தியர்கள் பலர் சிங்களம் பேசுபவர்கள். மூன்று மொழியிலும் எழுதித் தரும்படி தாதியிடம் கேளுங்கள். பம் இழுக்கும்போது முட்டுக் கூடினால் எத்தனை இழுப்பு வரை இழுக்கலாம், எப்போது புறப்படவேண்டும் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு அதையும் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பம்மை நேரே வாய்க்குள் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடும். இடையில் ஒரு குடுவை வைத்து இழுத்தால் கூடுதலாக நுரையீரலுக்குப் போகும். குடுவை இல்லாவிட்டால் அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்மின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, போத்தலின் வாயால் இழுக்கலாம். இப்படிச் செய்த போத்தல் கடைக் குடுவைக்கு ஈடாக வேலை செய்ததாகத் தென்னாபிரிக்க வைத்தியர்கள் 1999இல் ஆராய்ந்து காட்டினார்கள்.

பண்ணைப் பாலத்தோடு தரைவழி இணைந்திருக்கும் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு மக்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 2018இல் வடக்குக்கும் வந்த சேவை இது. 1990 என்றதும் எங்கள் அம்மாமாருக்கு வேறொரு நினைவுதான் வரும் என்பது எனக்குத் தெரியும். என்றாலும் இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுச் சகோதரிகளுக்கு நடுவில் கடல் இருக்கிறது. ஆகையால் உதடு நீலமாகும்வரை பார்த்துக்கொண்டிராமல், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கும்போதே உள்ளூர் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். போகும்போது அன்றைக்கு விழுங்கிய எல்லாக் குளிசையின் உறையையும், பக்கத்து வீட்டில் வாங்கியதென்றால் அதன் உறையையும், ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.